கடலை மட்டும்

ஐஸ் கம்பெனிக்கு மேலே என் அறை.
கீழே கட்டி உடைக்கும் மெஷின்
ஓய்கிற நேரம்தான் எனக்கு வேலை நேரம்:
ரெண்டு மணியிலிருந்து மூன்றரை.
வேதாளையே அசந்து கிடக்கும்.
திரைவாசிப்பான் மட்டும் விழித்திருக்கும்.

அது பேசுவது உங்களுக்குப் புரியாது.
நிமிஷத்துக்கு நானூறு வார்த்தை.
எண்ணெயில் விழுந்த கடுகு என்பான்
டீ கொண்டுவருகிற ஜெய்லானி.
இடது காதில் கடுகு,
வலது காதில் சேதுராக்கு.

சின்னப்பாலத்துக்காரி. பாசி எடுக்கிறவள்.
பதினெட்டு நிமிஷம் பேசியிருக்கிறாள்.
விரலுக்குத் துணி சுற்றுகிற விதம்,
கட்டக்கோரை எந்தப் பாறையில் அடர்த்தி,
முங்கினால் எத்தனை எண்ணும்வரை மூச்சு.
முதல் பிரதியில் ஒரு கூத்து.
மூச்சைப் பற்றி அவள் சொல்லும்போதே குறுக்கே
"பேட்டரி பதினான்கு சதவீதம்" என்றது
என் கடுகு. அதுவும் பதிவாகிவிட்டது.
திரும்ப எடுத்தேன்.

"கடைசியை அப்படியே மங்க விட்டுருங்க"
என்று சொல்லியனுப்பியிருந்தார்கள்.

மங்க.
பிறந்ததிலிருந்து எதுவும் எனக்கு மங்கியதில்லை.
தேய்வது தெரியும்.
மண்டபம் பக்கம் போகிற ரயிலில்
முதலில் சக்கரம் தேயும், பிறகு ஹாரன்,
அதற்கும் பிறகு, எல்லாம் போய்விட்டது என்று
நீங்கள் திரும்பிக்கொண்ட பிறகும்,
தண்டவாளத்தில் கொஞ்சம் மிச்சமிருக்கும்.

அம்புக்குறியை ஒவ்வொன்றாகத் தட்டினேன்.
தட்டுக்கு ஒரு எண் சொன்னது.
பதினேழு நிமிடம் ஐம்பத்திரண்டு. அங்கே நின்று
ஷிப்டோடு எண்ட்.
தேர்ந்தது எட்டு விநாடி.
மெனுவில் ஆறாவது வரி. ஃபேட் அவுட்.
நேர்கோடா வளைகோடா என்று கேட்டது.

வடக்கே பெண்கடல் நேர்கோடு.
எப்போது வற்றியது என்று கால்தான் கண்டுபிடிக்கும்.
தெற்கே ஆண்கடல் வளைகோடு.
போவேனா என்று நின்று நின்று
ஒரேயடியாக இறங்கும்.
ராக்கு தென்கடலில் முங்குகிறவள்.
வளைகோடு. என்டர்.

மென்பொருள் வாயே திறக்கவில்லை.
பார்க்கிறவர்களுக்கு அலை கூம்பி
முக்கோணமாகுமாம்.
எனக்கு, ஸ்பேஸைத் தட்டிக் கேட்கும்வரை
எதுவும் நடக்கவில்லை.
தட்டினேன். நடந்திருந்தது.
ஒழுகலாக, ஒரு பிசிறில்லாமல்.
என்னையே மெச்சிக்கொண்டேன்.

காத்து சரியில்லாத ஒரு நாள்
ராக்கு மாடியேறி வந்தாள்.
ஈரச்சாக்கு வாடை முதலில், அவள் பிறகு.
கேட்கக் கொடுத்தேன்.
பதினெட்டு நிமிஷமும் அசையாமல் கேட்டாள்.
"ஏப்பா, நான் பேசிக்கிட்டுல்ல இருக்கேன்.
எங்குட்டு நடக்க விட்டுட்ட என்னய?"

திரும்பக் கேட்டேன்.
"தீவுப்பக்கம் வரக்கூடாதுன்டாக.
சரி, எந்தப் பக்கம் வரலாமுன்டு
எழுதிக் குடுங்க."
'எந்தப் பக்கம்' பாதி.
'வரலாமுன்டு' நூல்.
'எழுதிக் குடுங்க' இருக்கும் இடத்தில்
தண்ணீரின் நுரைச்சத்தம்கூட இல்லை.

எவ்வளவு அழகாக முடித்திருக்கிறேன்.
கேட்கிற எந்த ஆபீஸருக்கும்
உறுத்தவே உறுத்தாது.

கன்ட்ரோல் இசட்.

அவள் சேலையில் குத்தியது ஒரு மைக்,
அலையோரம் வைத்தது இன்னொன்று.
தடம் ஒன்று, ராக்கு. தடம் இரண்டு, கடல்.
கீழம்பை ஒருதரம் தட்டி
கடலில் போய் நின்றேன்.
அதே எட்டு விநாடி. இந்தத் தடவை நேர்கோடு.
ஸ்பேஸ்.

அலை பின்வாங்கியது, காக்கை பின்வாங்கியது,
தூரத்து வல்லத்தின் இன்ஜினும் கரைந்தது.
எழுதிக் குடுங்க என்றாள்,
பக்கத்தில், முழுத்தொண்டையில்,
முட்டுக்கொடுக்க ஒரு அலைகூட இல்லாமல்.
அப்புறம் ஒரு செருமல்.
அதை வெட்டவில்லை.

"கடலக் காணாமே" என்றாள்.
"இறக்கிவிட்டேன்."
"எம்புட்டு நேரத்துக்கு?"

கீழே மெஷின் கிளம்பிவிட்டது.